பஞ்சாங்கக் கணிப்பும் அமைவுகளின் வடிவமைப்பும்

ஒரு நிரல் நூலகத்தின் அமைவுகள் என்பவை, அதை எழுதியவர் தாமே முடிவு செய்யாமல் பயன்படுத்துபவருக்கு விட்டுவைத்த முடிவுகள். லைப்ரரி என்று வழங்கப்படும் நிரல் நூலகம் தனியாக ஓடும் மென்பொருள் அன்று; வேறு நிரலாளர்கள் தங்கள் செயலிக்குள் எடுத்துவைத்துக்கொள்ளும் கருவித் தொகுதி. எழுதியவர் ஓர் ஊரில் இருப்பார், அதைக்கொண்டு செயலி செய்பவர் வேறோர் ஊரில் இருப்பார், செயலி சொல்லும் விடையை நம்பி நாள் குறிப்பவர் மூன்றாவது ஊரில் இருப்பார். இம்மூவருள் எதை யார் முடிவு செய்வது என்று வகுத்துத் தருவதே அமைவு இடைமுகத்தின் வேலை. அந்த வகுப்பு பிசகினால், கணக்கு பிழையில்லாமல் இருந்தும் விடை தவறாகிவிடும்.

இதை விளக்கப் பஞ்சாங்கக் கணிப்பு நல்ல களம். சூரியனும் சந்திரனும் எல்லோருக்கும் ஒன்றே. ஆயினும் திருச்சிராப்பள்ளியில் ஒரு வீட்டில் ஏகாதசி விரதம் இன்றும், காவிரியைக் கடந்தால் ஸ்ரீரங்கத்தில் மற்றொரு வீட்டில் நாளையும் வருவதுண்டு. இரண்டு வீட்டாரும் தத்தம் முறைப்படி சரியாகவே செய்கிறார்கள். திதி, நட்சத்திரம், மாதப் பிறப்பு, பண்டிகை நாள் ஆகியவற்றைத் தரும் ஒரு நூலகம் இரு வீட்டாருக்கும் அவரவர் விடையைத் தர வேண்டுமானால், வேறுபாடு எந்த இடத்தில் பிறக்கிறது என்பதை அதன் அமைவுகள் துல்லியமாகக் காட்ட வேண்டும்.

நான்கு வகை முடிவுகள்

பஞ்சாங்க நூலகத்திடம் சொல்ல வேண்டிய செய்திகள் நான்கு வகைப்படும். முதலாவது, நிலவரம்: எந்த ஊர், எந்த நேர மண்டலம், எந்த நாள். இரண்டாவது, கணித முறை: மரபுவழி அட்டவணைகளைக் கொண்ட வாக்கியமா, தற்கால வானியல் அளவுகளைப் பின்பற்றும் திருக்கணிதமா, திருக்கணிதம் என்றால் நட்சத்திர ராசி நிலையைப் பெறக் கோள்களின் இடத்திலிருந்து கழிக்கும் அயனாம்சம் எது. மூன்றாவது, வழக்கு: மாதம் எப்போது பிறக்கும், விரதம் எந்த நாளில் அமையும். நான்காவது, வெளியீட்டு வடிவம்: விடை நாழிகையிலா, மணி நிமிடத்திலா, எழுத்து எந்த மொழியில்.

இவற்றை ஒரே பட்டியலில் கலந்து வைப்பது வடிவமைப்பில் மிகப் பரவலான பிழை. நிலவரம் ஒவ்வோர் அழைப்பிலும் மாறலாம். கணித முறையும் வழக்கும் ஒரு குடும்பத்துக்கோ கோயிலுக்கோ தலைமுறைக் கணக்கில் மாறாதவை. வெளியீட்டு வடிவம் திரையைப் பொறுத்தது. அது நாளைத் தொடவே கூடாது. மாறும் வேகமும் முடிவெடுக்கும் ஆளும் வேறுபடும்போது அமைவுகளும் பிரிந்திருக்க வேண்டும். நாழிகையை நிமிடமாக மாற்றக் கேட்ட பயனருக்குப் பண்டிகை ஒரு நாள் தள்ளிப்போகுமானால், அது கணிதப் பிழையால் வந்ததாக இராது. பிரிக்க வேண்டியதைப் பிரிக்காததால் வந்ததாக இருக்கும்.

பிரித்த பிறகு, ஒவ்வொரு செயற்கூறும் தனக்கு வேண்டியதை மட்டுமே கேட்க வேண்டும். திதி என்பது சந்திரன் சூரியனைவிட எவ்வளவு முன்னே இருக்கிறது என்பதன் அளவு. 12 பாகைக்கு ஒரு திதி. இரண்டு கோள்களின் இடத்திலிருந்தும் அயனாம்சம் ஒரே அளவில் கழிக்கப்படுவதால், வேறுபாட்டில் அது காணாமற்போகிறது. ஆகவே திருக்கணிதத் திதியைத் தரும் செயற்கூறுக்கு அயனாம்சம் தேவையே இல்லை. நட்சத்திரத்துக்கும் மாதப் பிறப்புக்கும் தேவை. திதிக்கும் அயனாம்சம் கேட்கும் நூலகம், விடையைப் பாதிக்காத ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பயனரை வீணாகக் குழப்புகிறது.

இடமும் நேரமும்: இயல்பு மதிப்பு கூடாத இடம்

பயனர் ஒன்றும் சொல்லாவிட்டால் நூலகம் எடுத்துக்கொள்வது இயல்பு மதிப்பு. பெரும்பாலானோருக்குப் பொருந்தும் ஒன்று இருக்கும்போது அது பெரிய உதவி. எந்த மதிப்பை வைத்தாலும் பலருக்குத் தவறாகும் என்றால், இயல்பு மதிப்பு வைப்பதே தீங்கு. பஞ்சாங்கத்தில் இடம் அப்படிப்பட்டது.

இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு வகுக்கப்பட்டது. ஸ்ரீரங்கம் ஏறத்தாழ 78.69 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கில், ஸ்ரீரங்கத்தின் உச்சிப்பொழுது சராசரியாகக் கடிகாரத்தில் 12 மணி 15 நிமிடத்துக்கு வரும். சென்னைக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் தீர்க்கரேகையால் மட்டும் 6 நிமிடத்துக்கு மேல் வேறுபாடு உண்டு. சூரிய உதயத்தை ஒட்டித் திதி முடியும் நாட்களில் இந்த ஆறு நிமிடம் விரதத்தையே ஒரு நாள் நகர்த்திவிடும். இடம் தரப்படாவிட்டால் நூலகம் சென்னையையோ உஜ்ஜயினியையோ தானாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இடம் தேவை என்று நின்றுவிட வேண்டும்.

இடத்தை எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்களை வரிசையாகக் கேட்டால், 10.86, 78.69 என்று தர வேண்டியவர் மாற்றித் தந்துவிடலாம். அட்சரேகை 90-க்குள் இருக்க வேண்டும் என்ற சோதனையில் 78.69 தேறிவிடும். நூலகம் தயங்காமல் ஆர்க்டிக் கடலில் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தை ஒட்டிய ஓரிடத்துக்குக் கணிக்கத் தொடங்கும். அங்கே மார்கழியில் சூரியன் உதிப்பதே இல்லை. எண்களைப் பெயரிட்டுத் தரவேண்டும் என்று இடைமுகம் கட்டாயப்படுத்தினால் இந்தப் பிழைக்கு வாய்ப்பு பெரிதும் குறைந்துவிடும். இதனோடு, உதயம் இல்லாத நாளுக்கு ஏதோ ஓர் எண்ணைத் தராமல், உதயம் இல்லை என்றே நூலகம் சொல்ல வேண்டும்.

நேர மண்டலத்தை 5.5 என்ற எண்ணாகக் கேட்பதும் இதே வகைப் பிழை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே வைக்கப்பட்டிருந்தன. 1943-இல் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவரின் பிறப்பு நேரத்துக்கு 5.5 என்று கொடுத்தால் லக்னமே மாறிவிடலாம். டொராண்டோவில் வாழும் தமிழருக்கோ ஆண்டுக்கு இருமுறை கடிகாரம் மாறுகிறது. ஆசியா/கொல்கத்தா, அமெரிக்கா/டொராண்டோ என்ற பெயர்களால் நேர மண்டலத்தைக் குறித்தால், இந்த வரலாறு முழுவதையும் உலகப் பொது நேர மண்டலத் தரவுத்தளம் பார்த்துக்கொள்ளும். பயனருக்குத் தெரிந்ததை மட்டும் கேட்பதும், அதிலிருந்து பெறக்கூடியதை நூலகமே பெற்றுக்கொள்வதும் நல்ல இடைமுகத்தின் இலக்கணம்.

கணித முறை: பொருந்தாத சேர்க்கைக்கு இடமில்லாமல்

வாக்கியப் பஞ்சாங்கம் வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்கள் முதலான மரபுவழி அட்டவணைகளைக் கொண்டு கணிக்கப்படுகிறது. அதன் சூரிய ஆண்டு 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை. இன்றைய வானியல் அளவிட்ட நட்சத்திர ஆண்டைவிட இது ஏறத்தாழ 3 நிமிடம் 20 நொடி நீளம். திருக்கணிதம் தற்கால வானியல் அளவுகளைப் பின்பற்றுகிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி சில கோள்களில் பெரிது. திருக்கணிதப்படி சனி கும்ப ராசிக்குப் பெயர்ந்தது 2023 ஜனவரி 17. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் அதே பெயர்ச்சி 2023 டிசம்பர் 20 அன்று கொண்டாடப்பட்டது.

இந்த இரு முறைகளுக்கும் வேண்டிய விவரங்கள் வேறு. திருக்கணிதத்துக்கு அயனாம்சம் தேர்ந்தெடுக்க வேண்டும். மேகநாத் சாஹா தலைமையில் 1952-இல் அமைக்கப்பட்ட நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் 1955 அறிக்கை வழியாக வழக்குக்கு வந்ததும், குழுவின் செயலர் லாஹிரியின் பெயரால் அறியப்படுவதுமான அயனாம்சம், 1956 மார்ச் 21-க்கு 23 பாகை 15 கலை என்று வகுக்கப்பட்டது. சூரிய உதயத்தையும் வரையறுக்க வேண்டும்: சூரியனின் நடுப்புள்ளி அடிவானத்தைத் தொடுவதா, காற்றின் ஒளிவிலகலையும் சேர்த்து மேல்விளிம்பு தெரிவதா? ஸ்ரீரங்கத்தின் அட்சரேகையில் இவற்றிடையே சுமார் மூன்றரை நிமிடம் உண்டு. வாக்கியத்துக்கோ அதன் அளவுகளெல்லாம் அட்டவணைக்குள்ளேயே அடங்கியவை. அதற்கு லாஹிரி அயனாம்சம் கேட்பது பொருளற்றது.

எல்லாவற்றையும் தனித்தனி ஆம்/இல்லை அமைவுகளாக வைத்தால், வாக்கியமும் லாஹிரியும் சேர்ந்த பொருளற்ற சேர்க்கையையும் பயனர் கொடுக்க முடியும். பிழைச் செய்தி காட்டுவது ஒரு வழி. அதைவிடச் சிறந்தது, அந்தச் சேர்க்கையை எழுதவே முடியாதபடி இடைமுகத்தை அமைப்பது. முறை என்பது ஒரே தேர்வாக இருக்கட்டும். திருக்கணிதம் என்ற தேர்வுக்குள் மட்டுமே அயனாம்சமும் உதய வரையறையும் இடம்பெறட்டும். வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவற்றைக் காணவே தேவையில்லை.

மறைந்து நிற்கும் நிலை

கோள்களின் இடத்தைக் கணிக்க உலகெங்கும் புழங்கும் நூலகம் சுவிஸ் எபிமெரிஸ். சூரிச் பகுதியைச் சேர்ந்த ஆஸ்ட்ரோடீன்ஸ்ட் நிறுவனம் 1997-இல் வெளியிட்டது. நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத் தரவுகளை அடிப்படையாகக் கொண்டது. அதன் துல்லியம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. அதன் அமைவு முறை வடிவமைப்பாளர்களுக்கு நல்ல பாடம். அயனாம்சத்தை முதலில் ஒரு தனிச் செயற்கூறால் அமைக்க வேண்டும்; அது நூலகத்துக்குள் தங்கிவிடும்; பிறகு வரும் அழைப்புகள் அதையே பயன்படுத்தும். அமைக்க மறந்து நட்சத்திர ராசி நிலையைக் கேட்டால், மேலை நாட்டு ஜோதிடர்கள் பயன்படுத்தும் ஃபாகன்–பிராட்லி அயனாம்சம் இயல்பு மதிப்பாக எடுத்துக்கொள்ளப்படும்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஃபாகன்–பிராட்லிக்கும் லாஹிரிக்கும் இடையே ஏறத்தாழ 0.88 பாகை வேறுபாடு. சூரியன் ஒரு நாளைக்கு ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவாக நகர்வதால், அது அடுத்த ராசிக்குள் நுழையும் சங்கராந்தி சுமார் 21 மணி நேரம் பிந்தும். 2023-இல் லாஹிரிப்படி மேஷ சங்கராந்தி ஏப்ரல் 14 பிற்பகல் 3 மணியளவில் வந்தது. தமிழ்ப் புத்தாண்டு அன்றே. அயனாம்சத்தை அமைக்க மறந்த செயலியில் அது ஏப்ரல் 15 நண்பகலை ஒட்டி விழும். சித்திரை முதல் நாள் ஒரு நாள் தள்ளிப்போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. விடை பார்ப்பதற்கு இயல்பாகவே இருக்கும்.

தங்கிநிற்கும் அமைவால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே செயலியில் ஒரு பகுதி லாஹிரிக்கும் மற்றொரு பகுதி வேறோர் அயனாம்சத்துக்கும் கணித்தால், கடைசியாக அமைத்தவரின் விருப்பமே அடுத்தவரின் விடைக்கும் பொருந்திவிடும். சி மொழியில் வட்டார வழக்கை அமைக்கும் செட்லோக்கேல் செயற்கூறும் இத்தகையதே. செயலியின் ஏதோ ஒரு மூலை ஜெர்மன் வழக்கை அமைத்தால், வேறெங்கோ எண்ணைப் படிக்கும் நிரல் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளியை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். இதற்கு மாற்று, எல்லா அமைவுகளையும் ஒரு பொருளாகத் திரட்டி, உருவாக்கிய பின் மாற்ற முடியாததாக்கி, ஒவ்வொரு கணிப்புக்கும் வெளிப்படையாகக் கொடுப்பது. ஸ்ரீரங்கத்துக்கு ஒரு பொருள், சிங்கப்பூருக்கு ஒரு பொருள் என்று அருகருகே இருந்தாலும் ஒன்று மற்றொன்றைத் தொடாது.

வழக்கும் முன்தொகுப்புகளும்

சங்கராந்தி நிகழும் கணம் வானியல் கணக்கு. மாதத்தின் முதல் நாள் எது என்பது வழக்கு. தமிழ்நாட்டில் சூரியன் மறைவதற்குள் சங்கராந்தி வந்தால் அன்றே மாதப் பிறப்பு. மறைந்த பின் வந்தால் மறுநாள். கேரளத்தில் பகலை ஐந்தாகப் பகுத்து, முதல் மூன்று பகுதிகளுக்குள், அதாவது உதயத்திலிருந்து சுமார் 18 நாழிகைக்குள், வந்தால்தான் அன்று. 2023-இல் பிற்பகல் 3 மணி என்பது தமிழ் எல்லைக்கு உள்ளேயும் கேரள எல்லைக்கு வெளியேயும் விழுந்தது. தமிழ்ப் புத்தாண்டு 14 அன்றும் விஷு 15 அன்றும் வந்தன. வங்காளத்தில் நள்ளிரவு எல்லை. ஒடிசாவில் சங்கராந்தி வந்த நாளே.

ஏகாதசியும் அப்படியே. உதயத்தில் ஏகாதசி இருந்தால் போதும் என்பது ஸ்மார்த்த வழக்கு. உதயத்துக்கு 4 நாழிகை முன்னதாகத் தொடங்கும் அருணோதயத்திலும் தசமியின் தொடர்பு இருக்கக் கூடாது என்பது வைணவ வழக்கு. இந்த விதிகளுக்கு ஆம்/இல்லை என்ற பூலியன் மதிப்பு பொருந்தாது. “வைணவம்: ஆம்” என்று எழுதினால், “இல்லை” என்பது ஸ்மார்த்தமா, சைவமா, வேறொன்றா என்று தெரியாது, நாளை மூன்றாவது விதி வந்தால் இடமும் இராது. விதிக்குப் பெயரிட்டு அந்தப் பெயரையே மதிப்பாக வைப்பதுதான் தெளிவு.

இத்தனை விதிகளையும் ஒவ்வொரு பயனரும் தனித்தனியே தேர்ந்தெடுக்க மாட்டார். ஒருவருக்குத் தெரிவதெல்லாம் எங்கள் வீட்டில் இந்தக் கோயில் வழக்கம் என்பதுதான். அந்த அறிவுக்கு ஏற்ற வடிவமே முன்தொகுப்பு: ஒன்றாகச் செல்லும் தேர்வுகளைச் சேர்த்து ஒரு பெயரில் வைப்பது. ஸ்ரீரங்கத்துக்கான முன்தொகுப்பு இவ்வாறு அமையலாம்:

இடம்: ஸ்ரீரங்கம்
முறை: வாக்கியம்
மாதப் பிறப்பு: அஸ்தமன எல்லை
ஏகாதசி: அருணோதய விதி
வைகுண்ட ஏகாதசி: தைத் திருநாளோடு மோதினால் கார்த்திகை

கடைசி வரி தனிக் கவனத்துக்குரியது. வைகுண்ட ஏகாதசி மார்கழி வளர்பிறையில் வருவது. ஸ்ரீரங்கத்தில் அதற்கு முன் பகல் பத்தும், அன்று தொடங்கி இராப்பத்தும் நடக்கும். மார்கழியின் கடைசியில் ஏகாதசி விழுந்தால், இராப்பத்து தை மாதத்துக்குள் நீண்டு, புனர்பூசத்தை ஒட்டிய தைத் திருநாளான பூபதித் திருநாளோடு மோதும். அப்போது ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி கார்த்திகையிலேயே கொண்டாடப்படுகிறது. 2021-இல் இதுவே நடந்தது. ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் 2021 டிசம்பர் 14, கார்த்திகை 28 அன்று திறக்கப்பட்டது. திருவல்லிக்கேணி, திருமலை முதலிய தலங்களில் விழா 2022 ஜனவரி 13 அன்று நடந்தது.

இது 19 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று சொல்லப்படுகிறது. அதற்கு வானியல் காரணம் உண்டு. 235 சந்திர மாதங்கள் ஏறத்தாழ 6,939.69 நாட்கள், 19 நட்சத்திர ஆண்டுகள் ஏறத்தாழ 6,939.87 நாட்கள். ஆகவே 19 ஆண்டுகளில் திதிகள் ஏறக்குறைய அதே சூரியத் தேதிக்குத் திரும்பும். ஆனால் அமைவில் எழுத வேண்டியது 19 என்ற எண் அன்று. அந்த எண் விளைவு. காரணம் இரு திருநாட்களின் மோதல். ஏறக்குறைய என்பதிலுள்ள சிறு வேறுபாடு சேர்ந்துகொண்டே போகும்போது, எண்ணை எழுதிய நூலகம் ஒருநாள் தவறும்; மோதலை எழுதிய நூலகம் தவறாது.

எந்த விதியும் முழுமையானது என்று நூலகம் எண்ணிவிடக் கூடாது. விழா நாளை இறுதியாக அறிவிப்பது கோயில். அறிவிக்கப்பட்ட நாள் கணிப்பிலிருந்து வேறுபட்டால், அதைத் தரவாகச் சேர்க்க ஒரு வாயில் இருக்க வேண்டும். நிரலைத் திருத்தாமல் ஓர் ஆண்டின் ஒரு நாளை மட்டும் மாற்ற முடிவது, முடிவெடுக்கும் உரிமையை உரியவரிடம் வைப்பதாகும்.

அடுக்குகளும் சோதனையும்

ஒரே அமைவு பல இடங்களிலிருந்து வரலாம்: நூலகத்தின் இயல்பு மதிப்பு, முன்தொகுப்பு, அமைவுக் கோப்பு, அழைக்கும்போது தரும் அளபுரு. கேட்பவருக்கு மிக அருகில் இருப்பதே வெல்லும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரிசை. ஸ்ரீரங்க முன்தொகுப்பை எடுத்துக்கொண்டு இடத்தை மட்டும் சிங்கப்பூர் என்று மாற்றினால், வழக்கு ஸ்ரீரங்கத்தினதாகவும் சூரிய உதயம் சிங்கப்பூரினதாகவும் அமைய வேண்டும். வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்கு மிகுதியும் வேண்டியது இதுவே. முன்தொகுப்பு முழுவதையும் எடு அல்லது விடு என்று வைத்தால் இது கைகூடாது.

அமைவுகளின் எண்ணிக்கைக்கும் விலை உண்டு. ஒன்றையொன்று சாராத பத்து ஆம்/இல்லை அமைவுகள் 1,024 சேர்க்கைகளைத் தரும். அத்தனையையும் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. முன்தொகுப்புகள் இருந்தால், மக்கள் உண்மையில் பின்பற்றும் சேர்க்கைகளை அச்சுப் பஞ்சாங்கங்களோடு பல ஆண்டுகளுக்கு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியும்.

பிழையைச் சொல்லும் நேரமும் முக்கியம். அமைவுப் பொருளை உருவாக்கும் கணத்திலேயே எல்லாம் சோதிக்கப்பட வேண்டும். “அருணோதய” என்பதற்குப் பதில் “அருனோதய” என்று எழுதிய கோப்பு, அறியாத மதிப்பாகப் புறக்கணிக்கப்பட்டு இயல்பு விதிக்கு மாறிவிடக் கூடாது. அந்தச் சொல் தெரியவில்லை, தெரிந்தவை இவை என்று நூலகம் உடனே சொல்ல வேண்டும்.

விளக்கமும் மாற்றமும்

நாள் ஒன்றைக் கேட்பவர் அடுத்துக் கேட்பது ஏன் என்பதே. ஆகவே விடையோடு அதன் காரணமும் வர வேண்டும். 2021 டிசம்பர் 14 என்று சொல்லும் நூலகம், மார்கழி ஏகாதசி 2022 ஜனவரி 13 அன்று வந்ததையும், தைத் திருநாள் விதியால் அது மாற்றப்பட்டதையும், அந்த விதி எந்த முன்தொகுப்பிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துத் தர வேண்டும். அப்போது கருத்து வேறுபாடு எழுந்தாலும், எந்த விதியில் என்று சுட்டிப் பேசலாம்.

இயல்பு மதிப்பை மாற்றுவது நூலகத்தில் ஒரு வரித் திருத்தம். பயனரின் வீட்டில் அது ஒரு பண்டிகையை இடம்பெயர்ப்பது. எனவே வெளியிட்ட முன்தொகுப்பைத் திருத்தாமல், திருத்தியதைப் புதிய பதிப்பு எண்ணோடு தனியாக வெளியிடுவதே முறை. பழையது அப்படியே இயங்கும். எந்தெந்த நாட்கள் மாறும் என்ற பட்டியலைப் பார்த்த பின் பயனர் புதியதற்கு வரலாம்.

புதிய அமைவு ஒன்றைச் சேர்க்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். இதில் அறிந்தவர்கள் நியாயமாக வேறுபடுகிறார்களா? இல்லையென்றால் நூலகமே முடிவு செய்யலாம். முடிவெடுக்கும் உரிமை யாருடையது: நிரலாளருடையதா, குடும்பத்தினதா, கோயிலுடையதா? அதைப் பொறுத்து அமைவு அளபுருவிலோ முன்தொகுப்பிலோ தரவிலோ இடம்பெறும். ஒன்றும் சொல்லாதவருக்கு என்ன நடக்கும்? அவருக்குத் தவறான நாள் போகக்கூடும் என்றால், இயல்பு மதிப்பு வைக்காமல் கேட்டுப் பெற வேண்டும். இம்மூன்றுக்கும் விடையுள்ள அமைவுகள் மட்டும் இருக்கும் நூலகம் சிறியதாக இருக்கும். திருச்சி வீட்டுக்கும் ஸ்ரீரங்கம் வீட்டுக்கும் அவரவர் நாளைப் பிசகாமல் தரும்.